கடலோடிக்குத் துணைநிற்கும் செய்மதி

அட்டனுக்கும் மஸ்கெலியாவுக்கும் மேலே உயர்ந்து நிற்கும் சிவனொளிபாதமலையை நாம் யாத்திரைத் தலமாகவே அறிவோம். முற்காலத்துக் கடலோடிகள் அதனை வேறொரு வகையிலும் அறிந்திருந்தனர். இந்துமாகடலில் வந்த மரக்கலத்தார்க்கு இலங்கை அண்மையில் உள்ளது என்பதைக் காட்டும் அடையாளமாக அச்சிகரம் விளங்கிற்று. 1344ஆம் ஆண்டில் இத்தீவுக்கு வந்த மொறோக்கோ நாட்டு யாத்திரிகர் இபின் பதூதா, ஒன்பது நாட் பயணத் தொலைவிலிருந்தே அம்மலையைக் கடலிற் கண்டதாகத் தம் பயண நூலிற் கூறுகின்றார்.

அக்கூற்றுச் சற்று மிகையானது என்பதைப் பள்ளிக் கணிதமே காட்டிவிடும். ஓரிடத்தின் உயரத்தை மீற்றரிற் கொண்டு, அதன் வர்க்கமூலத்தை 3.6ஆற் பெருக்கினால், அவ்விடத்திலிருந்து காணக்கூடிய அடிவானத்தின் தூரம் ஏறக்குறையக் கிலோமீற்றரிற் கிடைக்கும். சிவனொளிபாதமலையின் உயரம் 2,243 மீற்றர். எனவே தூரம் 170 கிலோமீற்றர். கடல்மட்டத்திலிருந்து நான்கு மீற்றர் உயரத்தில் நிற்கும் கப்பலோட்டியின் பங்காக இன்னும் 7 கிலோமீற்றரைக் கூட்டிக்கொள்ளலாம். அதற்கப்பால் எத்துணைக் கூரிய கண்ணுடையார்க்கும் பூமியின் வளைவு மலையை மறைத்துவிடும்.

கடலிற் செல்வோரின் பாதுகாப்புப் பற்றிய ஆராய்ச்சி முழுவதும் இச்சிறு கணக்கிலிருந்தே தொடங்குகின்றது. கலத்திலுள்ளோர் கரையைக் காணுதல் ஒன்று. கரையிலுள்ளோர் கலத்தைக் காணுதல் மற்றொன்று. முன்னதற்குத் திசைகாட்டியும் விண்மீனும் நெடுங்காலமாக உதவின. பின்னதற்கு வழி கிடைத்தது நம் காலத்திலேதான். அவ்வழி யாது, அஃது எவ்வாறு இயங்குகின்றது, அதனை நம்புவோர் எதனை மறத்தலாகாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வானொலியின் எல்லை

சிறு கலங்கள் ஒன்றோடொன்று பேசுதற்குப் பயன்படுத்தும் மிகையுயர் அதிர்வெண் வானொலி, பெரும்பாலும் பார்வைக் கோட்டிலேயே செல்வது. மலையகத்தில் வாழும் நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. மேட்டிலுள்ள தேயிலைமலையில் நன்கு பேசிய கையடக்கத் தொலைபேசி, ஆற்றோரப் பள்ளத்தில் இறங்கியதும் ஊமையாகிவிடுவதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். இடையில் நிற்கும் குன்று அலையைத் தடுத்துவிடுகின்றது. கடலிற் குன்று இல்லை. ஆனால் பூமியே தன் வளைவினால் ஒரு குன்றாகி இடையில் நிற்கின்றது.

இலங்கையின் மிகவுயர்ந்த மலையாகிய பிதுருதலாகலவின் உயரம் 2,524 மீற்றர். அதன் உச்சியில் நிறுவப்பட்ட அலைகம்பத்துக்கும் மேற்கூறிய கணக்கின்படி அடிவானம் 180 கிலோமீற்றரே. அலை சற்று வளைந்து செல்லுமாதலால் இன்னும் சிறிது தூரம் எட்டலாம். நம் பலநாட் கலங்களோ பல நூறு கிலோமீற்றருக்கு அப்பாலும் மீன்பிடிக்கச் செல்கின்றன. ஆகவே நுவரெலியாவின் உச்சியும் போதாதெனில், அதனினும் உயர்ந்ததொரு கம்பம் வேண்டும். அக்கம்பமே செய்மதி.

‘இரிடியம்’ என்னும் தொகுதியைச் சேர்ந்த செய்மதிகள் ஏறக்குறைய 780 கிலோமீற்றர் உயரத்திற் பூமியைச் சுற்றுகின்றன. அவ்வுயரத்திலிருந்து அடிவானம் 3,000 கிலோமீற்றருக்கும் அப்பாற் சென்றுவிடும். அத்தகைய 66 செய்மதிகள் ஒழுங்காகச் சுற்றிவருவதனால், கடலின் எம்மூலையிலும் ஏதேனும் ஒன்று தலைக்கு மேலே நிற்கின்றது. செய்மதி கொண்டு உலகெங்கும் செய்தி பரப்பலாம் என்னும் கருத்தை 1945ஆம் ஆண்டில் விரிவாக எழுதி வெளியிட்டவர் ஆதர் சி. கிளாக் ஆவர். அவரே 1956 முதல் 2008இல் மறையுமளவும் இலங்கையை வாழ்விடமாகக் கொண்டிருந்தார் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

மூவகைக் கருவிகள்

கலங்களிற் காணப்படும் செய்மதிக் கருவிகளை மூவகையாகப் பிரித்து அறிதல் நன்று. ஒன்றை மற்றொன்றாகக் கருதுவதனால் உயிரே போதலும் கூடும்.

முதலாவது, இடங்காட்டும் கருவி. இது தானிருக்கும் இடத்தைக் குறித்த இடைவேளைகளிற் கரைக்கு அறிவித்துக்கொண்டே செல்லும். அவ்விடத்தை அறிதற்கு அது ‘ஜி.பி.எஸ்.’ போன்ற வழிகாட்டும் செய்மதிகளின் உதவியைப் பெறுகின்றது. அவை ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்தில் உள்ளன. குறைந்தது நான்கு செய்மதிகளிலிருந்து வரும் அலைகளின் நேர வேறுபாட்டைக் கணித்துக் கருவி தன் இடத்தை அறிந்துகொள்கின்றது. வழிகாட்டும் செய்மதி இடத்தை அறிவிக்கும். ஆனால் அதனைக் கரைக்கு எடுத்துச் செல்வது செய்தி காவும் வேறொரு செய்மதியே என்பதை மாணவர் மனங்கொள்ளல் வேண்டும். ஒருவர் தாம் இருக்குமிடத்தைத் தாம் அறிதல் வேறு. அதனைப் பிறர் அறியச் செய்தல் வேறு.

இரண்டாவது, செய்திக் கருவி. இஃது உள்ளங்கையளவினது. சிறு செய்திகளை அனுப்பவும் பெறவும் இதனால் இயலும். சிலவற்றில் அபாயப் பொத்தானும் உண்டு. இதற்குச் சந்தா செலுத்துதல் வேண்டும். மின்கலத்தை மீண்டும் மீண்டும் ஏற்றுதலும் வேண்டும்.

மூன்றாவது, ‘ஈபேர்ப்’ எனப்படும் அபாய அறிவிப்புக் கருவி. இது சாதாரண வேளையில் யாதொன்றும் பேசாது. இயக்கப்பட்டதும் 406 மெகாஹேட்ஸ் அலையில் உதவி கோரும். கலம் மூழ்குமாயின் நீரின் அழுத்தத்தால் தானே பிடிப்பிலிருந்து விடுபட்டு மிதந்தெழுந்து இயங்கும் வகையும் உண்டு. 48 மணிநேரம் ஓயாது குரல் கொடுக்கத்தக்க மின்கலம் அதனுள் இருக்கும். சந்தா இல்லை. ஆனால் உரியவரின் பெயரும், கலத்தின் விவரமும், கரையில் தொடர்புகொள்ள வேண்டியவரின் தொலைபேசி இலக்கமும் பதிவுசெய்யப்பட்டிருத்தல் இன்றியமையாதது.

இவ்வபாயக் குரலைக் கேட்கும் அமைப்பு ‘கொஸ்பாஸ்–சார்சாட்’ எனப்படும். அமெரிக்கா, கனடா, பிரான்சு, சோவியத்து ஒன்றியம் ஆகிய நான்கும் 1979இல் இதற்கென உடன்பாடு செய்தன. வல்லரசுகள் ஒன்றையொன்று ஐயுற்றிருந்த காலத்திலும் உயிர்காக்கும் பணியில் ஒன்றுபட்டமை போற்றுதற்குரியது. இதன் முதற் செய்மதி 1982 ஜூனில் ஏவப்பட்டது. அவ்வாண்டு செப்டெம்பரிலேயே கனடாவில் விமான விபத்துக்குள்ளான மூவர் இதனாற் காப்பாற்றப்பட்டனர்.

குரல் வரும் இடத்தை அச்செய்மதிகள் கண்டறிந்த முறை சுவையானது. நானுஓயா நிலையத்தை நோக்கி ஊதிக்கொண்டு வரும் புகைவண்டியின் ஒலி, அணுகும்போது உயர்ந்தும் அகலும்போது தாழ்ந்தும் கேட்பதை நாம் அறிவோம். இதுவே டொப்ளர் விளைவு. ஓடும் செய்மதிக்குக் கடலிலுள்ள கருவியின் அலையும் அவ்வாறே உயர்ந்து தாழ்ந்து கேட்கும். அம்மாற்றத்தை அளந்து, சில கிலோமீற்றர் வேறுபாட்டுக்குள் இடத்தைக் கணித்தனர். இக்காலக் கருவிகள் தம் இடத்தைத் தாமே அறிந்து கூறுவதால் தேடும் பரப்பு மிகச் சுருங்கிவிட்டது.

ஒரு மாலுமியின் வரலாறு

இக்கருவிகளின் பெறுமதியை விளக்கும் நிகழ்ச்சியொன்று நம் இந்துமாகடலிலேயே நிகழ்ந்தது. 2018 ஜூலை 1ஆம் நாள் பிரான்சிலிருந்து ‘கோல்டன் குளோப்’ என்னும் பாய்க்கப்பற் போட்டி தொடங்கிற்று. தனியொருவராக, எத்துறைமுகத்தையும் அடையாது உலகைச் சுற்றிவருதல் வேண்டும். 1968இல் நிகழ்ந்த முதற் போட்டியைப் போன்றே பழைய முறையிற் செல்லல் வேண்டுமென்பது விதி. வரைபடமும் சூரியனை அளக்கும் கருவியுமே வழிகாட்டிகள். செய்மதியைக் கொண்டு தம் இடத்தை அறிதல் கூடாது. ஆயினும் ஒவ்வொரு கலத்திலும் இடங்காட்டும் கருவி பொருத்தப்பட்டிருந்தது. மாலுமிக்குத் தெரியாத அவர் இடம் கரையிலிருந்தோர்க்குத் தெரிந்திருந்தது!

இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி ‘துரியா’ என்னும் கலத்தில் இப்போட்டியிற் கலந்துகொண்டார். செப்டெம்பர் 21ஆம் நாள், அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கு மேற்கே ஏறக்குறைய 1,900 கடல்மைல் தொலைவில் கடும்புயல் அவரைச் சூழ்ந்தது. கலம் புரண்டது, பாய்மரம் முறிந்தது, அவருடைய முதுகெலும்பு காயமுற்றது. எழுந்து நிற்கவும் இயலாது படுக்கையிற் கிடந்த அவர், சிறு செய்திக் கருவியினாலே தம் நிலையைச் சில சொற்களிற் கரைக்கு அறிவித்தார்.

கன்பராவிலிருந்த மீட்பு நிலையம் பணியை ஒருங்கிணைத்தது. மொறீசியசிலிருந்து பறந்த இந்தியக் கடற்படை விமானம் கலத்தைக் கண்டது. அதே புயலில் தம் பாய்மரத்தை இழந்த அயர்லாந்து மாலுமி கிரெகர் மக்குக்கின், முறிந்த கலத்தோடேயே டோமியை நோக்கிச் செலுத்தினார். இறுதியில், செப்டெம்பர் 24ஆம் நாள், ‘ஒசிரிஸ்’ என்னும் பிரெஞ்சு மீன்பிடிக் காவற் கப்பல் டோமியை மீட்டது. மூன்று நாட்கள்! இடம் துல்லியமாகத் தெரிந்தும், அங்குச் சென்றடைய மூன்று நாட்கள் ஆயின. இடமும் தெரியாதிருந்தால் என்னாகியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அவர் குணமடைந்து, அதே போட்டியில் மீண்டும் கலந்து, 2023 ஏப்பிரலில் இரண்டாமிடம் பெற்றமை மனவுறுதிக்கு எடுத்துக்காட்டாகும்.

அப்பிந்திய போட்டியிலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 2022 நவம்பரில் பின்லாந்து மாலுமி தப்பியோ லெஹ்தினெனின் கலம் சிறிது நேரத்தில் மூழ்கிற்று. அபாயக் கருவியின் குரல் எழுந்ததும், போட்டியில் முன்னணியிலிருந்த தென்னாபிரிக்கப் பெண்மணி கேர்ஸ்டன் நொய்ஷேபர் தம் வழியை மாற்றி இரவெல்லாம் செலுத்திச் சென்று, மிதவையிலிருந்த அவரை மீட்டார். செய்மதி மனிதனைக் காப்பாற்றவில்லை. மற்றொரு மனிதர் எங்குச் செல்ல வேண்டுமென்பதையே அது காட்டிற்று.

மீனவர்க்கு வேண்டுவது

போட்டிக்குச் செல்வோர் சிலர். பிழைப்புக்குச் செல்வோரோ ஆயிரக்கணக்கானோர். 2017 நவம்பர் இறுதியில் எழுந்த ‘ஒக்கி’ புயல், கன்னியாகுமரி, கேரளக் கரைகளிலிருந்து ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவர் பலரைப் பலிகொண்டது. புயல் வருகின்றது என்னும் செய்தியைக் கரையிலிருந்து அவர்களுக்கு எட்டச்செய்ய வழியில்லாமையே பெருங்குறையாயிற்று. இதிலிருந்து நாம் அறிவது, கடலிலிருந்து கரைக்கு மட்டுமன்றி, கரையிலிருந்து கடலுக்கும் செய்தி செல்லல் வேண்டும் என்பதாம். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2024இல் அறிவித்த இரண்டாந் தலைமுறை அபாய அறிவிப்புக் கருவி, உதவி கோரியவர்க்கு ‘உம் குரல் கேட்டது’ என மறுமொழியும் அளிக்கின்றது. நடுக்கடலிற் தத்தளிப்பவர்க்கு அம்மறுமொழி தரும் ஆறுதல் சிறிதன்று.

இலங்கையின் ஆழ்கடற் கலங்களில் ‘வீ.எம்.எஸ்.’ எனப்படும் கண்காணிப்புக் கருவி பொருத்தப்பட்டதன் வரலாறு வேறு. 2015 ஜனவரியில் நடைமுறைக்கு வந்து 2016 ஜூனில் நீங்கிய ஐரோப்பிய ஒன்றியத்தின் மீன் இறக்குமதித் தடையே அதனை விரைவுபடுத்திற்று. கலம் எல்லை மீறாதிருத்தலைக் காண்பதே அதன் முதல் நோக்கம். எனினும் கலம் வழிதவறினால் தேடுதற்கும் அது துணையாகும். ஆனால் கண்காணிப்புக் கருவி ஒருபோதும் அபாயக் கருவிக்கு ஈடாகாது என்பதை மறத்தலாகாது. கலத்தின் மின்சாரம் நின்றால் அதுவும் காலப்போக்கில் ஓய்ந்துவிடும். கலத்தோடு மூழ்கியும் போகும்.

கரையிலுள்ளோர் கடமை

கருவி, செய்மதி, தரைநிலையம், மீட்பு நிலையம், அண்மையிலுள்ள கப்பல் என இது ஒரு சங்கிலி. ஒரு கண்ணி அறுந்தாலும் சங்கிலி பயன்படாது. இவற்றுள் நம் கையிலுள்ள கண்ணி கரையில் இருப்பவரே.

புறப்படுமுன் கலத்தின் பெயர், நிறம், செல்வோர் தொகை, செல்லும் வழி, திரும்பும் நாள் ஆகியவற்றை எழுதி வீட்டாரிடம் கொடுத்தல் வேண்டும். எத்தனை மணிக்கு ஒருமுறை செய்தி வரும் என்பதையும், வாராவிடின் எத்தனை மணிநேரம் பொறுத்து யாருக்கு அறிவிப்பது என்பதையும் முன்னரே முடிவுசெய்தல் வேண்டும். ஒருமுறை செய்தி வாராமைக்கு மின்கலம் தீர்ந்தமையும் காரணமாகலாம்; உடனே கலங்குதல் வேண்டா. ஆனால் குறித்த காலம் கடந்தபின் தயங்குதலும் கூடாது. தொலைபேசி இலக்கம் மாறினால் அபாயக் கருவியின் பதிவையும் அன்றே திருத்துதல் வேண்டும். தவறுதலாக அதனை இயக்கியவர், நாணி மறையாது உடனே மீட்பு நிலையத்துக்கு அறிவித்தல் வேண்டும். வீணே ஒரு கப்பலை அனுப்பினால், உண்மையாகவே மூழ்குபவர்க்கு அது கிட்டாமற் போகலாம்.

மலைநாட்டார்க்குக் கடலோடிகளின் கருவி எதற்கு என வினவுதல் பொருந்தாது. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளி வீசியபோது, மண்சரிவுகளினால் வீதியும் தொலைபேசியும் துண்டிக்கப்பட்டு மலையகத்துத் தோட்டங்கள் பல தீவுகளாயின. அப்போது உறவினரின் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தோர், கடலுக்குச் சென்றவரை எதிர்பார்த்திருக்கும் குடும்பத்தாரின் மனநிலையை நன்கு உணர்ந்திருப்பர்.

நம் முன்னோர் பலர் கடல் கடந்தே இம்மலைகளுக்கு வந்தனர். அவர்கள் ஏறிய கலம் கரைசேர்ந்ததோ இல்லையோ என்பதை அறிய, ஊரிலிருந்த தாய்மார்க்கு வழியே இருந்ததில்லை. இன்று வழி உண்டு. அவ்வழியைக் கற்பதும், பிறர்க்குக் கற்பிப்பதும், அக்குரல் வரும்போது விழித்திருப்பதும் கற்றோர் கடனாகும்.