மறைந்திருக்கும் குறை

உணவைச் செரிக்க நொதிகள் உதவுவதைப் பாடத்தில் படித்தோம். சில மருந்துகளைச் சிதைப்பதும் நொதிகளே. அறுவைச் சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தச் சக்சினைல்கோலின் என்னும் மருந்தைச் செலுத்துவர். இரத்தத்திலுள்ள பியூட்டிரில்கோலினெஸ்டிரேஸ் என்ற நொதி அதைச் சில நிமிடங்களில் சிதைத்துவிடும். நோயாளி தானே மூச்சுவிடத் தொடங்குவார். பிறவியிலேயே இந்நொதி மிகக் குறைந்தவர்களுக்கோ மூச்சுத்தசைகள் சில மணி நேரம்கூட இயங்காமல் இருக்கலாம். அதுவரை செயற்கைச் சுவாசமே உயிரைக் காக்கும்.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் இக்குறை கடுமையாகும். தென்னிந்திய வைசியரிடையே இது மற்றவரைவிட ஏறத்தாழ 100 மடங்கு மிகுதி என்று 2017-இல் வெளியான ஆய்வுக் கட்டுரை கூறுகிறது. சிலரிலிருந்து பெருகிய சமூகம் தலைமுறைதோறும் தமக்குள்ளேயே மணம் புரிந்ததே காரணம். இது எவர் குற்றமுமன்று.

அன்றாட வாழ்வில் இக்குறைக்கு அறிகுறியே இராது. ஆகவே, மயக்க மருந்துக்குப்பின் நம் குடும்பத்தில் எவருக்கேனும் மூச்சுத் திரும்பத் தாமதமாகியிருந்தால், அதை மருத்துவரிடம் முன்னரே சொல்வோம். அச்சிறு சொல் ஓர் உயிரைக் காக்கும்.