அளவுகோல் பேரையும் எழுதி வை!

ஸ்மார்ட் சிட்டி என்றதும் நம் கண்முன் வருவது கேமரா, பெரிய திரை, குளுகுளு அறை. தஞ்சாவூர் 2016-ல் அந்தத் திட்டத்துக்குத் தேர்வானது. 100 நகரங்களில் நடந்த அத்திட்டம் 31-3-2025-உடன் முடிந்தது. திட்டம் முடிந்தாலும் சென்சார் எண் அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். அந்த எண்ணை 20 வருஷம் கழித்து ஒருத்தர் படித்துப் புரிந்துகொள்ள முடியுமா? அதுதான் கேள்வி.

விடை பெரிய கோயில் சுவரிலேயே இருக்கிறது. ராஜராஜன் கொடுத்த பொன்னின் எடையைக் கல்லில் வெட்டியவர்கள், எந்த எடைக்கல்லால் நிறுத்தது என்பதையும் சேர்த்தே வெட்டினார்கள். அதன் பெயர் ஆடவல்லான். நெல் அளந்த மரக்காலுக்கும் அதே பெயர். அது ராஜகேசரி மரக்காலுக்குச் சமம் என்று விளக்கம் வேறு! இதைத்தான் இன்று மெட்டாடேட்டா என்கிறோம். நம்ம ஆளு என்ன பண்றான்? எக்செல்லில் 'லெவல் 42' என்று போட்டுட்டு டீ குடிக்கப் போயிடுறான். 42 அடியா, சென்டிமீட்டரா? எங்கிருந்து அளந்தது?

எதிர்ப்பாடமும் இதே ஊரில்தான். மராட்டியர் அரண்மனைக் கணக்குகள் காகிதத்தில், மோடி எழுத்தில் இருந்தன. 1855-ல் அரசு போனது, காகிதம் பிழைத்தது, படிக்கத் தெரிந்தவர்கள் அருகிப்போனார்கள். பிறகு தமிழ்ப் பல்கலைக்கழகம் ஆள் வைத்து மொழிபெயர்த்து வெளியிட வேண்டியதாயிற்று. ஒரே கம்பெனியின் சாஃப்ட்வேரில் மட்டும் திறக்கிற ஃபைலும் நாளைய மோடி ஆவணம்தான். ஆகவே டெண்டர் போடும்போதே, மொத்தத் தகவலும் சி.எஸ்.வி. போன்ற சாதா டெக்ஸ்ட்டாக மாசாமாசம் நகராட்சி கைக்கு வர வேண்டும் என்று எழுதிவிட வேண்டும். லைசென்ஸ் முடிந்த பிறகு கேட்டால் யார் தருவா?

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். மேட்டூர் 1934 முதல் இருக்கிறது, முழு மட்டம் 120 அடி. அடிக்கணக்கு எல்லாருக்கும் புரிவதால் 'இந்த வருஷம் குறைச்சல்' என்று டீக்கடையிலேயே தீர்ப்பாகிவிடுகிறது. கடைமடை வாய்க்காலில் அப்படியில்லை. தண்ணீர் எட்டவில்லை என்று விவசாயி வாதாட, பழைய அளவும் புதிய அளவும் ஒப்பிடும்படி இருக்க வேண்டும்.

சென்சாரை மாற்றும்போது பழையதையும் புதியதையும் ஒரு மாசம் சேர்த்து ஓட்டி, வித்தியாசத்தைத் தேதியோடு குறித்து வையுங்கள். பேக்கப் எடுத்தால் போதாது. வேறொரு மிஷினில் திறந்து பாருங்கள். குறிப்பு நோட்டின் ஒரு பிரதி காகிதத்திலும் இருக்கட்டும்.