பட்டியலை எரிக்காதே

அன்புத் தங்கைக்கு,

வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்த நீ இப்போது மருத்துவமனையின் தர மேலாண்மைப் பிரிவுக்கு வந்திருக்கிறாய். வாழ்த்துகள். உன் மேஜைக்கு, மருத்துவமனைகளுக்குத் தர அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எச்.சின் தரநூல் வந்திருக்கும். கூடவே, 'சீக்கிரம் சர்டிஃபிகேட் வாங்கியாக வேண்டும்' என்ற நிர்வாகத்தின் உத்தரவும் வந்திருக்கும். இதே வேலையில் தலை நரைத்தவள் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்லிவைக்கிறேன்.

இந்தத் தொழில் பிறந்த கதையைத் தெரிந்துகொள். பாஸ்டன் நகரில் எர்னஸ்ட் காட்மன் என்று ஓர் அறுவை மருத்துவர் இருந்தார். சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போன ஒவ்வொருவரும் பிறகு என்ன ஆனார், குணமாகவில்லை என்றால் ஏன் என்று மருத்துவமனைகள் விடாமல் விசாரிக்க வேண்டும் என்றார். கேட்பாரில்லை. சொந்தமாக ஒரு சிறு மருத்துவமனை தொடங்கினார். 1911 முதல் 1916 வரை அங்கே சிகிச்சை பெற்றுப் போனவர்கள் 337 பேர், அதில் நடந்த பிழைகள் 123 என்று தானே அச்சிட்டு வெளியிட்டார்.

அவர் மூட்டிய விவாதத்தின் தொடர்ச்சியாக, அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி 1917இல் மருத்துவமனைகளுக்கான குறைந்தபட்சத் தர விதிகளை வகுத்தது. எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டன. பிறகு நூறு படுக்கையும் அதற்கு மேலும் உள்ள 692 மருத்துவமனைகளைச் சோதித்தார்கள். தேறியவை வெறும் 89. தோற்றவற்றில் பெரும் பேர் வாங்கிய மருத்துவமனைகளும் இருந்தன. 1919இல் கல்லூரியினர் நியூயார்க்கில் கூடியபோது, இந்த முடிவுகளின் பட்டியல் பத்திரிகைக்காரர்கள் கையில் சிக்கிவிடுமோ என்று பயந்து, வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலின் உலையில் போட்டு அதை எரித்துவிட்டார்கள்.

இன்று நாம் எரிப்பதில்லை. எழுதாமலே விட்டுவிடுகிறோம், அல்லது அழகாக எழுதிவிடுகிறோம்.

ஏதாவது ஒரு வார்டில் மருந்து ஃபிரிட்ஜின் வெப்பநிலைப் பதிவேட்டை எடுத்துப் பார். இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மாதம் முழுக்க, மூன்று ஷிஃப்டுக்கும், ஒரே பேனாவில் 'நான்கு' என்று எழுதியிருந்தால் சந்தேகப்படு. மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போதே கடைசித் தேதி வரை நிரப்பிய பதிவேட்டையும் பார்த்திருக்கிறேன். அப்படி எழுதிய பெண்ணைத் திட்டாதே. ஒரே ஆள் இருபது நோயாளியைப் பார்த்துக்கொண்டு எட்டுப் பதிவேட்டையும் எழுத வேண்டியிருக்கும். எந்தப் பதிவேடு யாருக்கும் பயன்படவில்லையோ அதை நிறுத்தச் சொல்லும் தைரியம் உனக்கு வேண்டும். அரசு மருத்துவமனைகளுக்கான தேசியத் தர உறுதித் திட்டத்தின் சரிபார்ப்புப் பட்டியலில் சோதிக்கும் வழிகள் நான்கு: நேரில் பார்ப்பது, ஊழியரிடம் கேட்பது, ஆவணங்களைப் புரட்டுவது, நோயாளியிடம் கேட்பது. காகிதம் அதில் ஒன்றுதான். நாமோ நம் நேரத்தில் முக்கால்வாசியை ஃபைலிலேயே கழிக்கிறோம்.

தரநூலில் உள்ள வரிகள் வறட்டு வரிகளாகத் தோன்றும். ஒன்றை மட்டும் அருகில் போய்ப் பார். பொட்டாசியம் குளோரைடு பத்து மில்லி ஆம்பூலையும் டிஸ்டில்டு வாட்டர் பத்து மில்லி ஆம்பூலையும் இரவு இரண்டு மணிக்கு, மங்கலான டியூப்லைட்டில், பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார். முதலாவதைக் கலக்காமல் ரத்தக்குழாயில் நேரே செலுத்தினால் இதயம் நின்றுவிடும். அடர் மருந்துகளைத் தனியே பூட்டி, எச்சரிக்கை லேபிள் ஒட்டி, தேவைப்படும் இடங்களில் மட்டும் வைக்கச் சொல்வது இதனால்தான். பயிற்சி வகுப்பில் விதி எண்ணைச் சொல்வதைவிட இரண்டு ஆம்பூலையும் அவர்கள் கையில் கொடு. பிறகு யாரும் மறக்க மாட்டார்கள்.

அதுபோல்தான் நோயாளியை அடையாளம் காண்பதும். நம் வார்டுகளில் ஒரே நேரத்தில் இரண்டு லட்சுமி, மூன்று முருகன் இருப்பது சகஜம். 'பன்னிரண்டாம் பெட்' என்று சொல்லிப் பழகிய வாய்க்கு, பெயரோடு பதிவு எண்ணையும் கையில் கட்டிய பட்டையில் சரிபார்ப்பது கூடுதல் வேலையாகத்தான் தெரியும். 'நீங்கதானே லட்சுமி?' என்று கேட்டால் காது மந்தமான பாட்டியும் மயக்கம் தெளியாதவரும் தலையாட்டிவிடுவார்கள். 'உங்க பேரு என்னம்மா? வீட்டுக்காரர் பேரு?' என்று கேட்கப் பழக்கு.

இனி முக்கியமான விஷயம். மாதாந்தரக் கூட்டத்தில் 'மருந்துப் பிழை: பூஜ்யம்' என்ற ஸ்லைடைக் காட்டுவார்கள். எல்லாரும் கைதட்டுவார்கள். நீ தட்டாதே. பரபரப்பான ஒரு மருத்துவமனையில் மாதம் முழுக்க ஒரு பிழையும், நூலிழையில் தப்பிய ஒரு சம்பவமும் இல்லை என்றால், யாரும் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம். தவறான ஆம்பூலை எடுத்துவிட்டு, ஊசி போடும் முன் கவனித்து, தானாக வந்து எழுதிக்கொடுத்த பெண்ணுக்கு மெமோ போனால், அடுத்த மாதம் உன் ரிப்போர்ட் பெட்டி காலியாகத்தான் இருக்கும். அதே பெண்ணை அழைத்து, இரண்டு ஆம்பூலும் ஒரே டிரேயில் எப்படி வந்தன என்று கேட்டு, டிரேயை மாற்றிவிட்டு, மாற்றியதை அவளிடம் போய்ச் சொன்னால், அடுத்த மாதம் பத்து ரிப்போர்ட் வரும். எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்து நிர்வாகம் பதறும். முன்பும் இவை நடந்தன, இப்போதுதான் நம் காதுக்கு வருகின்றன என்று எடுத்துச்சொல்வது உன் பொறுப்பு.

பெரிய டாக்டர்கள் விஷயத்தில் பொறுமையாக இரு. கை கழுவாமல் ரவுண்ட்ஸ் போகும் சீனியரிடம் சட்டம் பேசினால் எடுபடாது. அவருடைய நோயாளிகளில் எத்தனை பேருக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்தது என்ற கணக்கை அவர் அறையில், தனியாக, அவரிடம் மட்டும் காட்டு. தன் நோயாளியின் கணக்கை எந்த மருத்துவரும் உதாசீனம் செய்ய மாட்டார்.

சர்டிஃபிகேட்டுக்காக மதிப்பிடும் அசெஸர்கள் வருவதற்கு முந்தின வாரம் சுவருக்கு வெள்ளையடிப்பார்கள், புதுப் போஸ்டர் ஒட்டுவார்கள். அடிக்கட்டும், ஒட்டட்டும். நீ மட்டும் தீராத குறைகளின் பட்டியலை, தேதியோடும் பொறுப்பாளர் பெயரோடும் மேஜை மேல் வைத்திரு. இதை மறைத்துவிடலாமா என்று கண்டிப்பாக யாராவது கேட்பார்கள். தன் குறைகளைத் தானே தேடி எழுதி வைத்து, ஒவ்வொன்றாகத் தீர்க்கிற மருத்துவமனையை எந்த நல்ல அசெஸரும் குறைவாக மதிப்பதில்லை.

இந்த வாரமே எம்.டி.யைப் பார்த்து ஒன்றே ஒன்றைக் கேட்டு வாங்கு: தானாக முன்வந்து பிழையைச் சொல்பவர் மீது அதற்காக நடவடிக்கை இல்லை என்று அவர் கையெழுத்திட்ட ஒரு சுற்றறிக்கை. அதைத் தர அவர் தயங்கினால், சர்டிஃபிகேட் எதற்காக என்பதை முதலில் அவரோடு உட்கார்ந்து பேசு. தந்துவிட்டால், ஒவ்வொரு வார்டு நோட்டீஸ் போர்டிலும் ஒட்டிவிட்டு உன் வேலையைத் தொடங்கு.

அன்புடன்,
உன் அக்கா