தாராவித் தொகுதியின் வாக்கு வரலாறு

சென்ற மாதம் நம் சங்கத்தின் மாலைக் கூட்டத்தில், புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் எழுந்து, "தாராவியில் இத்தனை தமிழர் வாழ்கிறார்களே, சட்டசபைக்கு ஏன் ஒரு தமிழரையும் அனுப்பவில்லை?" என்று கேட்டார். நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவன். ஆதலால் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு விடை தெரியவில்லை. பத்தொன்பது ஆண்டு அந்த மண்ணில் நடந்தவனுக்கு அதன் அரசியல் கணக்குத் தெரியவில்லையென்றால் வெட்கம்தானே! அன்றிரவே தேர்தல் முடிவுகளைத் தேடி எடுத்து ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினேன். அந்தக் குறிப்பேட்டின் சாரமே இக்கட்டுரை.

முதலில் ஊரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். மாகிம் கழிமுகத்தையொட்டிக் கோலி மீனவர் வாழ்ந்த சிற்றூர் அது. பம்பாய் நகரம் வளர வளர, நகருக்குள் வேண்டாதவை என்று கருதப்பட்ட தொழில்களெல்லாம் அங்கே வந்து சேர்ந்தன. சௌராட்டிரத்திலிருந்து குயவர் வந்தார்கள், கும்பார்வாடா எழுந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடுவோர் வந்தார்கள். பின்னர் வட நாட்டிலிருந்து தையற்காரரும் பூவேலைக்காரரும் வந்தார்கள். தொண்ணூறடிச் சாலையில் ஒரு மாலை நேரம் நடந்து பாருங்கள். தமிழ் சுவரொட்டி, மராத்திப் பெயர்ப்பலகை, உருதுப் பாட்டு, எல்லாம் நூறு அடிக்குள் கிடைக்கும். இப்படிப்பட்ட ஊர் எந்தக் கட்சிக்கும் எளிதில் வசப்படாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வரலாறு வேறு சொல்கிறது.

தாராவி, மராட்டிய மாநிலச் சட்டசபையின் 288 தொகுதிகளில் 178-ஆம் தொகுதி. மும்பை நகரின் 36 தொகுதிகளில் தாழ்த்தப்பட்டோர்க்கென ஒதுக்கப்பட்டவை இரண்டே. ஒன்று குர்லா, மற்றொன்று தாராவி. என் குறிப்பேடு 1978-இல் தொடங்குகிறது. அவ்வாண்டு வென்றவர் மார்க்சியக் கம்யூனிஸ்டுக் கட்சியைச் சேர்ந்த சத்தியேந்திர மோரே. 1927-இல் நடந்த மகாடு குளப் போராட்டத்தில் அம்பேத்கருக்குத் துணைநின்ற ஆர். பி. மோரேயின் மகன் அவர். ஆலைத் தொழிலாளர் நிறைந்திருந்த பம்பாயில் செங்கொடிக்கு அன்று இடமிருந்தது என்பதற்கு இது ஒரு சான்று. 1980-இல் காங்கிரசின் பிரேமானந்த் அவலே வந்தார். 1985-இலும் 1990-இலும் அதே கட்சியின் ஏகநாத் கெய்க்வாட் வென்றார்.

1985 என்ற ஆண்டை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். அவ்வாண்டில்தான் பிரதமர் ராஜீவ் காந்தி பம்பாய்க்கு நூறு கோடி ரூபாய் அறிவித்தார். அதில் 37 கோடி தாராவிக்கு ஒதுக்கப்பட்டது. "வீடு" என்ற சொல் தாராவித் தேர்தலுக்குள் அன்று நுழைந்தது. இன்றுவரை வெளியேறவில்லை.

அடுத்த பத்தாண்டில் அச்சொல்லை எதிர்க்கட்சி எடுத்துக்கொண்டது. 1992-93 கலவரத்தின் புண் ஆறாத காலத்தில் வந்த 1995 தேர்தலில், நாற்பது லட்சம் குடிசைவாசிகளுக்கு இலவச வீடு என்று சிவசேனை முழங்கியது. மாநில ஆட்சி சிவசேனை - பாரதீய ஜனதா கூட்டணியின் கைக்கு மாறியது, தாராவியும் மாறியது. சேனையின் பாபுராவ் மானே வென்றார். 1966-இல் பிறந்தபோது தென்னிந்தியரை எதிர்த்தே வளர்ந்த கட்சி, தமிழர் மிகுந்த தொகுதியில் வென்றது எப்படி? தமிழர் மட்டுமே தாராவி அல்லர் என்பது ஒரு விடை. ஒழுகும் தகரக் கூரையின்கீழ் இருப்பவனுக்கு வீடு என்ற வாக்குறுதி பழைய பகையைக் காட்டிலும் பெரிது என்பது மற்றொரு விடை. இரண்டிலும் உண்மை உண்டு என்றே எண்ணுகிறேன்.

ஆனால் அந்த மாற்றம் ஒரே ஒரு முறைதான். 1999-இல் ஏகநாத் கெய்க்வாட் மீண்டும் வந்தார். 2004-இல் அவர் நாடாளுமன்றத்துக்குச் செல்ல, மகள் வர்ஷா கெய்க்வாட் சட்டசபைக்கு நின்று வென்றார். 2009, 2014, 2019 ஆகிய மூன்று தேர்தல்களிலும் அவரே. 2024-இல் அவரும் நாடாளுமன்றம் சென்றுவிட, தங்கை ஜோதி கெய்க்வாட் நின்று வென்றார். ஒரே குடும்பத்தில் தந்தை, மூத்த மகள், இளைய மகள்! இதைக் குடும்ப ஆட்சி என்று நம் விடுதி அறைகளில் எள்ளி நகையாடுவது எளிது. நானும் செய்திருக்கிறேன். ஆனால் தெருவில் கேட்டால், கூப்பிட்ட நேரத்துக்கு வரும் வீட்டார் என்பார்கள். வேறு எவரும் வாசற்படி ஏறாத இடத்தில் அது சிறிய தகுதியன்று.

எண்களை ஒப்பிட்டால் ஒரு நுட்பம் விளங்கும். 2014-இல் வர்ஷா பெற்றது 47,718 வாக்கு; இரண்டாவதாக வந்த பாபுராவ் மானே 32,390. வித்தியாசம் 15,328. 2019-இல் வர்ஷாவின் வாக்கு 53,954 ஆக உயர்ந்தது. ஆயினும் வித்தியாசம் 11,824 ஆகச் சுருங்கியது. வாக்குக் கூடியும் வெற்றி குறைந்தது ஏன்? 2014-இல் சேனையும் பாரதீய ஜனதாவும் தனித்தனியே நின்றன; 2019-இல் சேர்ந்து நின்றன. சேனை வேட்பாளரின் வாக்கு 42,130 ஆயிற்று. வெற்றி வித்தியாசத்தை மட்டும் பார்த்துச் செல்வாக்கு ஏறியது, இறங்கியது என்று பேசுவோர் இந்த இரு தேர்தல்களை அருகருகே வைத்துப் படிக்கவேண்டும்.

2024 நவம்பரில் ஜோதி 70,727, எதிர்த்த சிந்தே சேனை வேட்பாளர் 47,268, வித்தியாசம் 23,459. மாநிலம் முழுவதும் மகாயுதிக் கூட்டணி 230 இடங்களை வாரிக்கொண்டு, காங்கிரசு பதினாறோடு நின்ற தேர்தல் அது! நாடெங்கும் காற்று ஒருபுறம் வீச, தாராவி மறுபுறம் நின்றது. காரணம் மறுபடியும் வீடே. ஏறத்தாழ 600 ஏக்கர் நிலத்தைப் புதுப்பிக்கும் பணி 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய்க் கேள்வியில் அதானி குழுமத்துக்குக் கிடைத்தது. 2023 ஜூலையில் அரசு உறுதி செய்தது. யாருக்கு வீடு, எங்கே வீடு என்பதே தெருவெல்லாம் பேச்சாக இருந்தது. அதே ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் உத்தவ் பிரிவுச் சேனையின் அனில் தேசாய்க்கு, காங்கிரசு கூட்டணியின் பேரில், தாராவி பெரும் முன்னிலை தந்தது. ஒரு காலத்தில் எந்தச் சின்னத்தைக் கண்டு தமிழர் அஞ்சினார்களோ, அக்கட்சியின் ஒரு கிளைக்கு அவர்கள் பிள்ளைகளே வாக்களித்தார்கள். அரசியலில் இதெல்லாம் உண்டு.

இனித் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். அடுத்த தொகுதியான சயன் கோலிவாடாவில் தமிழரான கேப்டன் தமிழ்ச்செல்வன் 2014, 2019, 2024 என மும்முறை வென்றிருக்கிறார். அங்கே இயன்றது இங்கே ஏன் இயலவில்லை? விடை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் நான்காம் பிரிவு, நாடாளுமன்றத் தனித் தொகுதியில் எந்த மாநிலத்துத் தாழ்த்தப்பட்ட வகுப்பினரும் நிற்கலாம் என்கிறது. ஐந்தாம் பிரிவோ, சட்டசபைத் தனித் தொகுதியில் அந்த மாநிலத்துப் பட்டியலில் உள்ள வகுப்பினரே நிற்கலாம் என்கிறது. குடியரசுத் தலைவரின் 1950-ஆம் ஆண்டு ஆணைக்குப் பின் வேறு மாநிலத்திலிருந்து குடியேறியவர், வந்த மாநிலத்தில் அவ்வகுப்பினராகக் கருதப்படார் என்று உச்ச நீதிமன்றமும் 1990-இலும் 1994-இலும் தீர்ப்பளித்திருக்கிறது. ஆக, நெல்லையிலிருந்து 1960-இல் வந்த ஓர் ஆதிதிராவிடக் குடும்பத்தின் பேரன், தாராவியிலேயே பிறந்திருந்தாலும், தாராவியில் நிற்க இயலாது. டெல்லிக்குப் போகும் தனித் தொகுதியில் நிற்கலாம்! சாதி இழிவு மட்டும் ரயிலேறி அவரோடு வந்துவிட்டது. சான்றிதழ் ஊரிலேயே தங்கிவிட்டது. இதை அறிந்தபோது எனக்குக் கோபமே வந்தது.

இன்னொன்றும் உண்டு. தாராவியின் மக்கள்தொகையை ஆறு லட்சம் என்பாரும் பத்து லட்சம் என்பாரும் உளர். வாக்காளரோ இரண்டரை லட்சத்துக்குச் சற்று மேல். அவருள்ளும் ஏறத்தாழப் பாதிப்பேரே சாவடிக்கு வருகிறார்கள். பலருடைய பெயர் இன்னும் ஊர்ப் பட்டியலில் இருக்கிறது. பொங்கலுக்குப் போவதுபோல் வாக்களிக்கவும் ஊருக்கே போகிறார்கள். இதை நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் அதன் விலையைச் சொல்லவேண்டும். குடிசைக்குப் பதில் வீடு பெற, 1.1.2000-க்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்ததற்குச் சான்று வேண்டும். அச்சான்றுகளில் முதன்மையானது பழைய வாக்காளர் பட்டியல். அந்தச் சான்று உடையோர்க்குத் தாராவியிலேயே 350 சதுர அடி இலவசம். 2000-க்கும் 2011-க்கும் இடையில் வந்தோர்க்குத் தாராவிக்கு வெளியே, 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு. மாடியில் குடியிருப்போர்க்கும் வெளியே வாடகை வீடுதான். ஒரு தேர்தலுக்காக எழுதப்பட்ட பெயர், முப்பதாண்டு கழித்து நிலப்பட்டா போல் நிற்கிறது.

எங்கள் வீட்டில் தாத்தா பெயர் உள்ள 1995-ஆம் ஆண்டுப் பட்டியலின் நகல் ஒன்று தகரப் பெட்டியில் இருக்கிறது. தேவநாகரி எழுத்தில் சுப்பையா என்பது "சுபய்யா" ஆகியிருக்கிறது. வயதிலும் ஏழாண்டு குறைவு. அப்படியிருந்தும் அப்பா அதற்குக் கண்ணாடித்தாள் உறை போட்டு வைத்திருக்கிறார். கீழ்த்தளத்தில் சித்தப்பா குடும்பம். இரும்பேணி ஏறினால் மாடியில் நாங்கள். அளவெடுப்போர் வந்து கதவில் எண் எழுதிவிட்டுச் சென்ற நாளிலிருந்து, அந்தத் தாள் யாருடைய பெட்டியில் இருக்கவேண்டும் என்று அப்பாவும் சித்தப்பாவும் வாய்விட்டுப் பேசவில்லை. சாப்பிடும்போது மட்டும் முன்னைவிட மெதுவாகப் பேசுகிறார்கள்.

நம் விடுதியில் தங்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: கல்லூரித் தலைவரின் சான்றோடு ஆறாம் படிவம் கொடுத்தால் விடுதி முகவரியிலேயே பெயர் சேர்க்கலாம். பதினெட்டு நிறைந்தவரை ஆண்டுக்கு நான்கு முறை சேர்க்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை சங்க அறையில் படிவங்களோடு இருப்பேன். அந்தத் தம்பியையும் வரச் சொல்லியிருக்கிறேன்.