உழவு யந்திரங்களும் செவிப் பாதுகாப்பும்

ஏரும் எருதுமாய் உழுத நாட்களில் கழனியில் எழுந்த ஓசையால் எவர் காதும் கெட்டதில்லை. டிராக்டர், பவர் டில்லர், கதிரடிக்கும் யந்திரம், டீசல் எஞ்சின் ஆகியவை வந்தபின் வேலை விரைவில் முடிகிறது. ஆயினும் அவற்றின் இரைச்சல் செவிப்புலனைச் சிறுகச் சிறுகக் குறைக்க வல்லது. நோவில்லாமல் வரும் நஷ்டமாதலால் குடியானவர்கள் இதனைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

கேடு நேரும் விதம்

உட்செவியில் நத்தைக்கூடு போன்றதோர் உறுப்பு உண்டு. அதிலுள்ள ஏறக்குறைய 15,000 நுண்ணிய மயிரணுக்களே ஓசையை ஏற்று நரம்பிற்குச் சேர்ப்பிக்கின்றன. மாடு ஒரு முறை மிதித்த பயிர் மறுநாள் நிமிர்ந்துகொள்ளும். நாள்தோறும் மிதிபட்டால் மடிந்துபோம். மயிரணுக்களின் தன்மையும் இதுவே. பயிர் மடிந்தால் மறுநடவு செய்யலாம். மயிரணு மடிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. கெடுதல் முதலில் கீச்சென்ற ஓசைகளில் தொடங்கும். குழந்தைகளின் பேச்சு காதில் விழும். ஆனால் சொல் விளங்காது.

அளவு

ஓசையை டெசிபெல் என்னும் அளவால் கணக்கிடுவர். நாளொன்றுக்கு 85 டெசிபெல் இரைச்சலில் 8 மணி நேரத்திற்கு மேல் இருத்தலாகாது. ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறுந்தோறும் இந்நேரம் பாதியாகும்: 88-ல் 4 மணி, 91-ல் 2 மணி, 94-ல் 1 மணி. மூடிய அறையில்லாத டிராக்டர்கள் பலவற்றில் இரைச்சல் 90 டெசிபெல்லைத் தாண்டுகிறது. கருவியின்றி அறிய எளிய வழியுண்டு. கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவரோடு உரக்கக் கத்திப் பேச நேருமாயின், அவ்விடத்து இரைச்சல் தீங்கானது.

கைக்கொள்ளத்தக்க வழக்கங்கள்

1. புகைக்குழாயின் சைலென்சரை ஒருபோதும் கழற்றலாகாது. துருப்பிடித்து ஓட்டையானால் உடனே மாற்ற வேண்டும்.

2. எஞ்சின் ஓடுகையில் வீணே அருகில் நிற்கலாகாது. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் சுமார் 6 டெசிபெல் குறையும்.

3. நாள் முழுதும் ஒருவரே யந்திரத்தருகில் இராமல், ஆள் மாற்றி வேலை செய்க.

4. பஞ்சு வைப்பதால் அதிகப் பயனில்லை. மருந்துக் கடைகளில் கிடைக்கும் நுரைக் காதடைப்பான்களைச் சுத்தமான விரல்களால் மெல்லிதாக உருட்டி, மற்றக் கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகி, அது விரியும்வரை அரை நிமிஷம் பிடித்திருக்க வேண்டும்.

5. கதிரடிக்கும் களத்தில் காதடைத்து வேலை செய்பவர்கள், யந்திரத்தை நிறுத்தச் சொல்லும் கைச் சைகையை முன்னமே பேசி வைத்துக்கொள்க. கை அகப்பட்டவனின் கூக்குரல் கேளாமற்போதல் கூடும்.

6. டிராக்டர் இரைச்சலை மீறிச் செல்போனில் பாட்டுக் கேட்பது, சத்தத்தின் மேல் சத்தம் ஏற்றுவதாகும்.

7. கோழியிறகு, தீக்குச்சி, கொண்டை ஊசி இவற்றால் காதைக் குடைதல் கூடாது. குறும்பி தானே வெளிவரும் இயல்புடையது. குடைந்தால் உள்ளே தள்ளப்படும், செவிப்பறையும் கிழியலாம்.

8. குழந்தையின் காதில் பயறோ நெல்லோ புகுந்தால் நீர் விடலாகாது. நனைந்த விதை பருக்குமென்பது உழவர் அறிந்ததே. தோண்டாமல் வைத்தியரிடம் கொண்டு செல்க.

9. சீழ் வடியும் காதில் காய்ச்சிய எண்ணெயோ பச்சிலைச் சாறோ விடலாகாது. அக்காது ஆறும்வரை குளத்திலும் வாய்க்காலிலும் மூழ்கிக் குளித்தலைத் தவிர்த்து, வைத்தியரிடம் காட்டுக.

எச்சரிக்கை

வேலை முடிந்த இரவில் காது இரைந்தாலும், அடைத்தாற்போல் மந்தமாயிருந்தாலும், அன்றைய இரைச்சல் மிகுதி என்று அறிக. மறுநாள் தெளிந்துவிட்டதென்று அலட்சியம் செய்யலாகாது. மிதிபட்ட பயிர் நிமிர்ந்தது போன்றதே அது. மீண்டும் மீண்டும் நேருமாயின் காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் சென்று செவிப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். காதுக் கருவி ஓசையைப் பெருக்கித் தருமேயன்றி, இழந்த செவிப்புலனை மீட்டுத் தராது. ஆகவே யந்திரத்திற்கு எண்ணெயிடும் கவனத்தில் ஒரு பங்கையேனும் தம் செவிகளுக்கும் குடியானவர்கள் அளிப்பார்களாக.