கிழ நாயை வீட்டுக்கு அழைக்கும் முன்

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு, திருப்பூரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். 11 வருசம் காவல் காத்த மணி மட்டும் பூட்டின வாசலிலேயே கிடந்தான். "ஒரு மாசம் மட்டும் பார்த்துக்க தம்பி, அதுக்குள்ள ஒரு வழி பண்றேன்" என்று போனில் சொன்னார். "சரிங்க பெரியப்பா" என்றேன்.

கறவை வற்றிய மாட்டைச் சாணத்துக்காகவாவது வைத்துக் காப்பாற்றும் நாம், ஓடியாட முடியாத நாயை ரோட்டில் விடுவது நியாயமில்லை. அதே சமயம், இரக்கத்தில் அவசரப்படவும் வேண்டாம். முதலில் ஒரு மாசம் தற்காலிகமாக வைத்துப் பாருங்கள். நமக்கும் நாய்க்கும் ஒத்துப்போகிறதா என்று அதற்குள் தெரிந்துவிடும்.

முதல் வாரம்: கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி, குடற்புழு நீக்கம் இரண்டும் கட்டாயம். பல், கண், மூட்டு பார்க்கச் சொல்லுங்கள். வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தால், சிறுநீரகக் கோளாறோ சர்க்கரை நோயோ இருக்கலாம், அதையும் சொல்லுங்கள்.

இடம்: ஈரத்தரை மூட்டுவலியைக் கூட்டும். நனையாத மூலையில் வைக்கோல் பரப்பி, மேலே சாக்கு போட்டால் போதும். கண் மங்கிய நாய்க்குத் தண்ணிச் சட்டியை இடம் மாற்றக் கூடாது. காது மந்தமான நாயைத் தூங்கும்போது திடீர்னு தொடாதீர்கள். பயத்தில் கடித்துவிடும். கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆடு, கோழி: முதல் பத்து நாள் கயிற்றில் பிடித்தபடியே காட்டுங்கள். அது பதறாமல் படுத்துக்கொண்டால் மெல்ல அவிழ்க்கலாம்.

தீனி: குழைந்த சோறு, அவித்த முட்டை, எலும்பில்லாத கறி கொஞ்சம் என்று இரண்டு வேளையாகப் பிரித்து வையுங்கள். வெங்காயம், பூண்டு போட்ட குழம்பு ஆகாது. நாயின் ரத்த அணுக்களைக் கெடுக்கும். வேகவைத்த எலும்பு சில்லுசில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

மருந்து: இதில் நான் தப்பு பண்ணினேன். மணி நொண்டுகிறானே என்று வீட்டில் கிடந்த வலி மாத்திரையில் பாதியைக் கொடுத்துவிட்டேன். மறுநாள் ரத்தமாக வாந்தி எடுத்தான். மருத்துவர்தான் காப்பாற்றினார். மனிதருக்கான வலி மாத்திரையை நாமாக நாய்க்குக் கொடுக்கவே கூடாது. உண்ணிக்குப் பயிர்ப் பூச்சிமருந்து பூசுவதும், சொறிக்கு மண்ணெண்ணெய், கழிவு ஆயில் தடவுவதும் அதே மாதிரி ஆபத்துதான். வயலில் விஷம் தெளிக்காத நாம், நாயின் தோலில் ஏன் பூச வேண்டும்?

ஒரு மாசம் பார்த்தும் முடியவில்லை என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. பொறுப்பான இன்னொரு வீடு கிடைக்கும்வரை வைத்திருந்து, அதன் பழக்கம், நோய், மருந்து எல்லாம் சொல்லி ஒப்படையுங்கள்.

மாசம் முடிஞ்சதும் பெரியவர் போன் பண்ணினார். "இடம் எதுவும் தேடாதீங்க பெரியப்பா, அவன் இங்கேயே இருக்கட்டும்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "சோத்துல ரெண்டு கரண்டி மோர் ஊத்து தம்பி, அவனுக்குப் பிடிக்கும்" என்றார்.