தொண்டர் ஏடும் கணினியும்

நால்வகைத் தானங்களுள் சாத்திர தானம் எனப்படும் அறிவுக்கொடை நம் சமயத்தார்க்குப் புதியதன்று. அறவோர் உறைவிடத்தைக் குறித்த ‘பள்ளி’ என்னும் சொல்லே இன்று கல்விக்கூடத்திற்குப் பெயராக நிற்கிறது. ஏடு எழுதுவித்து வழங்கிய காலம் போய், நம் இளைஞரும் இல்லத்தரசியரும் ஓய்வுபெற்றோரும் தங்கள் மாலைப்பொழுதையே கொடையாகத் தர முன்வரும் காலம் இது. பொருட்கொடைக்கு இரசீது உண்டு. கணக்குப் புத்தகம் உண்டு. ஆண்டுதோறும் தணிக்கை உண்டு. நேரக்கொடைக்கோ பெரும்பாலான சங்கங்களில் செயலாளரின் நினைவாற்றல் ஒன்றே ஏடாக உள்ளது. அவர் நோயுற்றால் ஏடும் உடன் படுத்துவிடும்.

இக்குறையைப் போக்கத் தொண்டர்களை ஒழுங்குபடுத்தும் கணினி மென்பொருள்கள் பல வந்துள்ளன. நம் சங்கங்களும் அத்தகைய ஒன்றை அமைக்க விரும்பினால் எதை முதலில் எண்ண வேண்டும், எப்படி வழக்கத்திற்குக் கொண்டுவர வேண்டும் என்பதை ஈண்டு ஆராய்வோம். எடுத்துக்காட்டுக்குத் தொலைவில் செல்ல வேண்டியதில்லை. அப்பாண்டைநாதர் எழுந்தருளியுள்ள திருநறுங்கொண்டை இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளது. அதே மாவட்டத்தின் மேற்கு எல்லையில் கல்வராயன் மலை நிற்கிறது. சமவெளியில் வாழும் நம் குடும்பத்தினர் சிலர் கூடி, மலையிலுள்ள வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டுப் பகுதிச் சிற்றூர்க் குழந்தைகளுக்கு வாரம் சில நாள் வாசிப்புப் பயிற்சி அளிக்க முடிவு செய்ததாகக் கொள்வோம். அவர்களுக்கு எத்தகைய ஏடு வேண்டும்?

அம்மலையில் வாழ்வோர் பெரும்பாலும் மலையாளி எனப்படும் பழங்குடியினர். (கேரளத்தாரோடு இப்பெயரைக் குழப்பிக்கொள்ளலாகாது, இவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள்.) மரவள்ளியும் சிறுதானியமும் விளைவிப்போர். பிழைப்புக்காகப் பெற்றோர் வெளியூர் செல்லும் பருவங்களில் பிள்ளைகளின் படிப்பு இடையில் முறிந்துவிடுகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய குழந்தைக்கு இடைவெளி எத்துணைக் கேடு என்பதை ஆசிரியப் பயிற்சி பெற்றோர் அறிவர். ஒருவரும் சொல்லித்தர வராத ஊரில் குழந்தை படிப்பை இழக்கிறது. இரண்டு வாரம் வந்து மூன்றாம் வாரம் சொல்லாமல் நின்றுவிடும் தொண்டர் உள்ள ஊரிலோ, படிப்போடு பெரியோர் சொல்லின்மேல் வைத்த நம்பிக்கையையும் சேர்த்து இழக்கிறது. ஆகவே நம் ஏடு காக்க வேண்டியது இந்த நம்பிக்கையை.

பெருந்திரளான தொண்டரைக் கொண்டு கல்விப்பணி நடத்திய முன்மாதிரிகள் நம் நாட்டில் உண்டு. 1990 பிப்ரவரி 4 அன்று கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதன் அலை தமிழகத்திலும் எழுந்து அறிவொளி இயக்கமாயிற்று. புதுக்கோட்டை மாவட்டத்தில் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியும் கற்ற செய்தியை நம் வாசகர் பலர் நினைவில் வைத்திருப்பர். ஊதியமின்றி உழைத்த அத்தொண்டர்களை ஒருங்கிணைத்தவை நோட்டுப் புத்தகங்களும் தவறாத கூட்டங்களுமே.

முப்பதாண்டுகளுக்குப் பின் வந்தது இல்லம் தேடிக் கல்வி. கொரோனா நோய்த்தொற்றால் 2020 மார்ச் முதல் பள்ளிகள் மூடிக்கிடந்தமையால் ஏற்பட்ட கற்றல் இழப்பை ஈடுசெய்ய, 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகிலுள்ள முதலியார்குப்பத்தில் தமிழக அரசு இதனைத் தொடங்கிவைத்தது. ஒன்று முதல் எட்டு வகுப்பு வரையிலான குழந்தைகளுக்கு, இருபது பேருக்கு ஒருவர் என்ற அளவில், மாலை 5 முதல் 7 வரை கற்பிக்கும் ஏற்பாடு. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை தரப்பட்டது. ஏறத்தாழ இரண்டு இலட்சம் தன்னார்வலர் பணியில் அமர்ந்தனர். அவருள் பெரும்பாலோர் பெண்கள். இத்தனை பேரையும் பதிவது, தகுதி காண்பது, குடியிருப்போடு இணைப்பது ஆகியவை நோட்டுப் புத்தகத்தால் ஆகக்கூடியவை அல்ல. இணையவழிப் பதிவு அதற்குப் பயன்பட்டது. முதலில் பன்னிரண்டு மாவட்டங்களில் மட்டும் நடத்திப் பார்த்த பிறகே மாநிலம் முழுவதற்கும் விரித்தனர் என்பது நாம் குறித்துக்கொள்ளத்தக்கது.

இன்னொரு முன்மாதிரி கடலுக்கு அப்பால் இலங்கையில் பிறந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் உதவ வந்த அமைப்புகள் எண்ணிறந்தவை. ஓர் ஊருக்கே பலர் சென்றனர். வேறோர் ஊருக்கு எவரும் செல்லவில்லை. இதைக் கண்ட அந்நாட்டுக் கணினியாளர் பலர் தாமே தொண்டராகி, ‘சகனா’ என்னும் மென்பொருளைச் சில நாட்களிலேயே எழுதத் தொடங்கினர். சிங்களத்தில் அப்பெயர்க்கு ஆறுதல், நிவாரணம் என்பது பொருள். காணாமற்போனோர் பட்டியல், முகாம்களின் பட்டியல், எந்த அமைப்பு எங்கே என்ன செய்கிறது என்னும் பட்டியல் ஆகியவை அதில் இருந்தன. தொண்டர்களை ஒழுங்குபடுத்தும் பகுதியும் பின்னர்ச் சேர்ந்தது. எவரும் விலையின்றி எடுத்தாளவும் திருத்தவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருள் அது. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010இல் எயித்தி நிலநடுக்கத்திலும் பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூக நலனுக்காக வழங்கும் விருதை 2006ஆம் ஆண்டுக்குப் பெற்றது. எங்கெங்கே ஆள் இல்லை என்பதைக் காட்டுவதே அம்மென்பொருளின் பெரும்பயன் என்பது நம் துணிபு.

நாம் அமைக்கும் ஏட்டுக்கும் இதுவே அடிப்படை. சங்கத்தார் மென்பொருள் எழுதச் சொல்லும்போது வழக்கமாகத் தொண்டரின் பெயர், படிப்பு, தொழில் என்று தொடங்குவர். அதை விடுத்துக் குழந்தையிடமிருந்து தொடங்க வேண்டும். முதற்பட்டியல் இடங்களுக்குரியது: எந்தச் சிற்றூர், எந்தக் கிழமை, எத்தனை மணி, எத்தனைக் குழந்தைகள், எந்நிலை வாசிப்பு. இரண்டாவதே தொண்டர் பட்டியல். மூன்றாவது இவ்விரண்டையும் இணைக்கும் நாட்பதிவு. அதில் வந்தவர் பெயரைக்காட்டிலும் வராத நாளே கண்ணில் பட வேண்டும். பள்ளி வருகைப் பதிவேட்டை எடுக்கும் ஆசிரியர் எதைத் தேடுகிறார்? வந்த நாற்பது பேரை அவர் எதிரிலேயே காண்கிறார். வராத மூவர் யார் என்பதற்காகவே ஏட்டைப் பார்க்கிறார். வியாழக்கிழமை சேராப்பட்டுக்கு உரியவர் வர இயலாது என்று புதன்கிழமை தெரிவித்தால், மாற்றுத் தொண்டர் இருவரின் பெயரைக் கணினி உடனே காட்ட வேண்டும். அவர்களும் இல்லையெனில், அச்சிற்றூரில் உள்ள ஒருவருக்கு நாளை வகுப்பு இல்லை என்ற செய்தி போக வேண்டும். குழந்தைகள் விளக்கடியில் வெறுமனே காத்திருத்தல் ஆகாது. இவ்வொரு வேலையை ஒழுங்காகச் செய்யும் மென்பொருள், வேறு எதுவும் செய்யாவிடினும் பாதகமில்லை.

அயல்நாட்டில் எழுதிய மென்பொருளை அப்படியே எடுத்தாள்வோர் சந்திக்கும் இடையூறுகள் சிலவுண்டு. முதற்பெயர், குடும்பப்பெயர் என இரு கட்டங்களை நிரப்பினாலன்றி அவற்றுட் சில மேலே செல்ல விடா. தந்தையின் முதலெழுத்தையும் தம் பெயரையும் மட்டுமே உடைய நாம் எதை எங்கே எழுதுவது? ஒருவர் முதலெழுத்தை முன்னும், மற்றொருவர் பின்னும் எழுத, ஒரே ஆள் இருவராகிவிடுவார். நம் ஊர்களில் அப்பாண்டைராஜன்களும் பத்மாவதிகளும் ஒரு தெருவுக்கு நால்வர் இருப்பர். அங்கே நால்வர் ஒருவராகிவிடுவர். ஆதலின் பெயருக்குத் தமிழில் ஒரே கட்டமும், ஆளுக்கு ஒரு வரிசை எண்ணும் வைப்பதே தக்கது.

ஊர்ப்பெயரிலும் இச்சிக்கல் உண்டு. கள்ளக்குறிச்சி 1993 செப்டம்பர் வரை தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. பின்பு விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. 2019 நவம்பர் 26 முதல் தானே மாவட்டத் தலைநகர். ஆகவே நம் குடும்பங்களின் பழைய முகவரிகளில் ஒரே ஊர் மூன்று மாவட்டங்களில் காணப்படும். மலையோ மாவட்ட எல்லையை மதிப்பதில்லை. கல்வராயனின் ஒரு பகுதி சேலம் மாவட்டத்தில் உள்ளது. மாவட்டத்தை வைத்து ஆளைத் தேடும் மென்பொருள், அடுத்த சிற்றூர்க்காரரை விட்டுவிட்டுத் தொலைவிலுள்ளவரை அழைக்கும். எந்தச் சாலைவழி, எந்தப் பேருந்து என்று கேட்டுப் பதிவதே பயன் தரும். கச்சிராயபாளையம் வழியாக மலையேறுவோர்க்குக் கடைசிப் பேருந்தின் நேரம் எந்தப் பட்டத்தைவிடவும் முக்கியமான தகவல்.

நம்மவர்க்கே உரிய ஒரு கட்டமும் வேண்டும். மாலை 5 முதல் 7 வரை வகுப்பெனில், இரவுண்ணா நோன்புடைய தொண்டர் கதிரவன் மறையுமுன் உண்பது எங்ஙனம்? வெளியார் எழுதிய விண்ணப்பத்தில் இக்கேள்வி இராது. கேட்காமல் விட்டால், அவர் நாணத்தால் சொல்லாமல் பசியோடு சென்று வருவார். அல்லது ஒரு திங்களில் நின்றுவிடுவார். ஞாயிறு முற்பகல் வகுப்பை அவர்க்கு ஒதுக்கினால் இரண்டும் நேரா.

இனி, எதைப் பதியக்கூடாது என்பது. இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களுள் பொருள்வரைதல் ஒன்று. தேவைக்கு மேல் சேர்க்காமை பொன்னுக்கும் நிலத்திற்கும் மட்டும் உரியதெனக் கருத வேண்டா. பிறரைப் பற்றிய தகவலும் ஒரு பொருளே. ஆதார் எண், பிறந்த நாள், குடும்ப வருமானம், குழந்தையின் நிழற்படம் என்று ‘எதற்கும் இருக்கட்டும்’ எனச் சேர்த்து வைப்பது கணினியில் மிக எளிது; சேர்த்ததைக் காப்பதோ மிக அரிது. அண்மைக்காலத்தில் சட்டமும் இதனை வலியுறுத்துகிறது. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்நோக்கத்திற்கெனச் சொல்லி இசைவு பெற்றோமோ அந்நோக்கத்திற்கு மட்டுமே தகவலைப் பயன்படுத்தச் சொல்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவர் தகவலுக்குப் பெற்றோரின் இசைவு வேண்டும். மலைச்சிற்றூரில் ஒரு தாய், ‘எம் பிள்ளை பேரை எதுக்கு எழுதிக்கிறீங்க?’ என்று கேட்டால், அவருக்குப் புரியும்படி ஒரு வாக்கியத்தில் விடை சொல்ல இயலாத கட்டம் எதுவாயினும் அதனை நீக்கிவிடுக.

பெண் தொண்டர்களின் தொலைபேசி எண்ணைத் தனியே குறிப்பிட வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் ஒருவரைச் சேர்த்தவுடன் அவர் எண் குழுவிலுள்ள அனைவர்க்கும் தெரிந்துவிடுகிறது. சங்கப்பணிக்கென எண் கொடுத்த இளம்பெண்ணுக்கு இரவில் முன்பின் அறியாதவர் அழைப்பு வருமாயின், அவர் மட்டுமன்று, அத்தெருவில் எவரும் மறுமுறை பெயர் தர மாட்டார். எண்களை ஒருங்கிணைப்பாளர் இருவர் மட்டும் காணுமாறு அமைத்தல் மென்பொருளால் எளிதில் ஆகும். இதற்கு மாறாகக் கட்டாயம் பதிய வேண்டிய ஒன்றுண்டு. குழந்தைகளோடு பழகவிருக்கும் தொண்டரைப் பற்றி விசாரித்தறிந்தவர் யார், எந்நாளில் என்பது அது. தெரிந்த குடும்பத்துப் பிள்ளை என்பதற்காக இதனை விட்டுவிடலாகாது. பெரியவர் எவரும் குழந்தையுடன் தனித்திருக்க வேண்டாதபடி வகுப்புக்கு இருவராக அனுப்புவதும் நன்று.

சில மென்பொருள்கள் தொண்டர்களை உழைத்த மணிநேரத்தால் வரிசைப்படுத்தி, முதல்வர்க்குப் பதக்கம் காட்டும். உற்சாகமூட்டும் என்கின்றனர். நான்கு கசாயங்களுள் ‘மானம்’ இரண்டாவதாக எண்ணப்படுவதை நம் சிறுவரும் அறிவர். அதற்குக் கணினியின் துணை வேண்டுமா என்பது நம் ஐயம். மணிக்கணக்கு சங்கத்தின் ஆண்டறிக்கைக்கு உதவும். பலகையில் எழுதத் தேவையில்லை.

வழக்கத்திற்குக் கொண்டுவருதலில் அவசரமே பெரும்பகை. முப்பது நாற்பது தொண்டர் அளவில் இருக்கும் சங்கத்திற்குக் கணினியில் ஒரு சாதாரண அட்டவணையே போதும். ஒருவரையே இரண்டு பேர் அழைப்பது, ஓர் ஊருக்கு எவரும் போகாதது பிறகே தெரியவருவது ஆகியவை நேரத் தொடங்கும்போது மென்பொருளைப் பற்றி எண்ணலாம். முதலில் எல்லாக் கட்டங்களையும் தாளில் கோடிட்டு ஒரு மாதம் கையால் நிரப்பிப் பார்க்க வேண்டும். நிரம்பாத கட்டம் கணினியிலும் நிரம்பாது. அதனை அங்கேயே அடித்துவிட்டு எஞ்சியதை எழுதுவோரிடம் கொடுக்க வேண்டும். நம் பிள்ளைகளுள் கணினித்துறையில் பணிபுரிவோர் பலருளர். ஓய்வுநாட்களில் எழுதித் தருவர். ஆனால் எழுதியவர் வெளிநாடு சென்றபின் திருத்துவார் இல்லாமல் கிடக்கும் மென்பொருளால் பயனில்லை. எழுதும்போதே இரண்டாமவர் ஒருவர் உடனிருந்து கற்க வேண்டும். கடவுச்சொல்லும் மூலநிரலும் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும்.

மலைச்சிற்றூர்களில் அலைபேசித் தொடர்பு எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. ஆகவே தொடர்பு இல்லாதபோதும் பதிவை ஏற்றுக்கொண்டு, மலையிறங்கியபின் தானே அனுப்பும் செயலியே அங்கு உதவும். எளிய கைப்பேசி மட்டும் உடையவர்க்குக் குறுஞ்செய்தியோ, ஒருவர் பேசிச் சொல்ல மற்றொருவர் பதியும் முறையோ இருத்தல் வேண்டும்.

பள்ளி திறக்கும் ஜூன் திங்களில் இரண்டே சிற்றூர்களில் தொடங்கலாம். செப்டம்பர் வரை நோட்டுப் புத்தகமும் கணினியும் ஒருசேர நடக்கட்டும். வாரந்தோறும் இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபாடு எங்கே வந்தது என்று காண வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் மலைச்சாலைப் பயணம் தடைப்படும் நாட்கள் உண்டாகையால், மூன்றாவது சிற்றூரை மழை நின்றபின் தையில் சேர்ப்பதே முறை. தொண்டிலிருந்து விலகியவரின் எண்ணையும் முகவரியையும் அவர் விலகிய மாதமே நீக்கிவிட்டு, அவர் கற்பித்த நாட்களின் பதிவை மட்டும் வைத்துக்கொள்க. அடுத்து வரும் தொண்டர், குழந்தை எந்தப் பாடத்தில் நிற்கிறது என்பதை அதைப் பார்த்தே அறிவார்.